ஆறு பேருக்கு ஒரு சக்கர வீடு



சென்ற இதழில் வற்றல், வடகம் பற்றி எழுதி முடிக்கும்போது, "சீமையில் என் தங்கை வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை அடுத்த முறை சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். அது வண்டி வாங்கிய கதை. "வண்டி வாங்குவது ஆம்பிளைங்க சமாசாரமாச்சே, இந்தப் பக்கத்தில் எதற்கு?" என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2024ல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டில் ஆறு பேர். தங்கை, மாப்பிள்ளை, பதினான்கு வயதுப் பெரியவன், பதினொரு வயதுப் பெண், ஆறு வயதுச் சின்னவன், அப்புறம் தங்கையின் மாமியார். அவர்களை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயது எழுபத்திரண்டு. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி வேறு.

அந்த ஊரில் ஆறு பேர் என்றால் பெரிய குடும்பம். வெளியூர் போனால் ஓட்டலில் இரண்டு மூன்று அறை எடுக்க வேண்டும். சாதாரணக் காரில் ஆறு பேர் உட்கார முடியாது. இதையெல்லாம் விடப் பெரிய கஷ்டம் அத்தைக்கு. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். வழியில் எங்கே இருக்கும், எத்தனை படி இறங்க வேண்டும் என்ற பயத்தில், நாளைக்குப் பிரயாணம் என்றால் இன்று ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். இப்படித் தண்ணீரை அடக்கி அடக்கி இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டார். அதிலிருந்து "நான் எங்கேயும் வரலைப்பா" என்று வீட்டோடு இருந்துவிட்டார். அவர் போகும் இடம் ஆஸ்பத்திரியும் உள்ளூர்க் கோயிலும்தான்.

அதனால்தான் மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார்ஹோம் வாங்கும் யோசனை வந்தது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கேரவன் என்றால் கார் இழுத்துக்கொண்டு போகும். இது தானே ஓடும் வீடு. புதிது வாங்க நம் மாதிரிக் குடும்பத்துக்குக் கட்டாது. பழையது வாங்க 20,000 பவுண்டு சேர்த்து வைத்திருந்தார்கள். நம் பணத்தில் இருபது லட்சத்துக்கும் மேல். அதில் ஒரு பங்கு, அத்தை ஊரில் தன் பேரில் இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கொடுத்தது.

படுக்கை ஆறு, பெல்ட் நாலு

முதலில் பார்த்த வண்டி ரொம்ப அழகு. திரைச்சீலை, மெத்தை எல்லாம் புத்தம் புதிது மாதிரி. "ஆறு பேர் தூங்கலாம்" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. தங்கைக்குக் கண்ணை எடுக்க மனசில்லை. மாப்பிள்ளை முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டார்.

சின்னவன் எங்கே உட்காருவான் என்று பார்க்க நான் பெல்ட்டைத் தேடினேன். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு. அவ்வளவுதான். பக்கவாட்டில் நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. அதில் பெல்ட் கிடையாது. "மற்ற இரண்டு பேர் எங்கே உட்காருவது?" என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். விற்பவர் சிரித்துக்கொண்டே, "பிள்ளைகள்தானே, அந்தப் பெஞ்சில் உட்காரட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டி ஓடும்போது திடீரென்று பிரேக் போட்டால், பெல்ட் இல்லாத குழந்தை எங்கே போய் விழும்? உள்ளே அடுப்பு இருக்கிறது, மேஜை முனை இருக்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி பன்னிரண்டு வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குத் தனி ஆசனம் வைக்க வேண்டும். அதை ஒருக்களித்த பெஞ்சில் வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு வளர்ந்தது. "இந்த விலைக்கு இது மாதிரி கிடைக்காது அக்கா. ரெண்டு பேர் கார்ல பின்னாலே வந்தா போச்சு" என்றார் மாப்பிள்ளை. "ஒவ்வொரு தடவையும் ரெண்டு வண்டிக்கு டீசல் போடவா இதை வாங்கறது?" என்றாள் தங்கை. குரல்கள் உயர்ந்தன. அதுவரை மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, தலை நிமிராமல், "எனக்கென்னத்துக்குடா அங்கெல்லாம்? நான் வீட்லயே இருந்துக்கறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. பெஞ்சில உக்கார ஆள் கொறைஞ்சுதுன்னா சரியாப் போச்சுல்ல" என்றார்.

யாரும் பேசவில்லை. யாருக்காக வாங்க நினைத்தோமோ அவரையே விட்டுவிட்டுப் போகும் வண்டியை வாங்கப் பார்த்தோம். மாப்பிள்ளை எழுந்து போய் விற்பவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். படுக்கை எத்தனை என்பது ராத்திரிக் கணக்கு. பெல்ட் எத்தனை என்பது பகல் கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெல்ட்டிலும் இரண்டு ரகம். இடுப்பை மட்டும் சுற்றுவது ஒன்று. தோள் வழியாகவும் வருவது இன்னொன்று. சின்னக் குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் ஆசனத்துக்குத் தோள் பெல்ட்தான் வேண்டும். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட் இரும்புச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் மரப் பலகையில் இருக்கக் கூடாது.

மூக்கு சொன்ன உண்மை

இரண்டாவது வண்டியில் ஆறு பெல்ட் இருந்தது. விலையும் குறைவு. கதவைத் திறந்ததும் ஊதுவத்தி மாதிரி ஒரு வாசனை தூக்கியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. ஐப்பசி மழையில் பரண்மேல் கிடந்த மெத்தையை இறக்கினால் வருமே, அந்த வாசனை. பின்பக்க மூலையில் மட்டும் சுவரில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தினேன். நமத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சுவருக்குள் மரச் சட்டம் இருக்கும். கூரை மூட்டு, ஜன்னல் ஓரம் வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால், வெளியே தெரியாமலே மரம் உளுத்துப்போகும். பழுது பார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும் என்றார் எங்களுடன் வந்த மெக்கானிக். ஈரம் அளக்கும் சின்னக் கருவியைச் சுவரில் வைத்துக் காட்டினார். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும் என்றார். அந்த மூலை 30ஐத் தாண்டியது. ஆஸ்துமா இருக்கும் வீட்டில் பூஞ்சை பிடித்த வண்டியில் குழந்தையைப் படுக்க வைக்க முடியுமா? திரும்பிவிட்டோம்.

வருஷா வருஷம் வண்டிக்கு அரசாங்கச் சோதனை உண்டு. அதில் பிரேக், விளக்கு, சக்கரம் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுப் பகுதியில் ஈரம் இருக்கிறதா, காஸ் குழாய் சரியா என்று பார்ப்பது தனி ஆள், தனிச் சோதனை. ஒன்றில் தேறிவிட்டது என்று இன்னொன்றை விடக் கூடாது.

காரணம் இல்லாமல் மலிவு இல்லை

மூன்றாவது வண்டியில் ஈரமும் இல்லை, பெல்ட்டும் சரி. எடைத் தகட்டில் 3850 கிலோ என்றிருந்தது. மாப்பிள்ளை அந்த நாட்டு லைசென்ஸ் வாங்கியது 2009ல். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் பரீட்சை தேறியவர்கள் அந்த லைசென்ஸில் 3500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிப் பரீட்சை. விற்பவர் வயதானவர், பழைய லைசென்ஸ். அவர் ஓட்டலாம், நம்மவர் ஓட்ட முடியாது.

பழைய டீசல் வண்டிகள் லண்டன் பக்கம் விலை குறைவாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 29லிருந்து லண்டனின் எல்லாப் பேட்டைகளிலும், புகை விதிக்குள் வராத வண்டியை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பர்மிங்ஹாம் நடுநகரத்திலும் அப்படி ஒரு கட்டணம் உண்டு. லெஸ்டரில் கிடையாது. ஆகவே லண்டன்காரருக்குச் சுமையான வண்டி எங்களுக்குச் சிக்கனமாக முடியலாம். மலிவு என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். அந்தக் காரணம் நம்மைப் பாதிக்காது என்றால் தைரியமாக வாங்கலாம்.

மூன்று ராத்திரி வாடகை

"வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள்" என்றேன். வெள்ளி முதல் திங்கள் வரை எடுத்தார்கள். அந்த மூன்று ராத்திரி சொல்லிக் கொடுத்ததை எந்தக் கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

வாசல் படி அத்தைக்கு எட்டவில்லை. ஒரு தாழ்வான முக்காலி போட வேண்டியிருந்தது. ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், வயதானவர்களுக்கு ஆகாது. சாப்பாட்டு மேஜையை மடக்கிப் போடும் படுக்கையும் சரிப்படவில்லை. சீக்கிரம் படுப்பவர் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, அத்தைக்கு வேண்டியது கக்கூஸுக்குப் பக்கத்தில், மடக்க வேண்டாத, தாழ்வான ஒரு படுக்கை.

கக்கூஸ் தொட்டி பெட்டி மாதிரி வெளியே எடுப்பது. ஆறு பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. முகாமில் அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். "இது யார் வேலை?" என்று வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையும் பெரியவனும் முறை வைத்துக்கொண்டார்கள்.

சமையலும் ஒரு பாடம். உள்ளே தாளித்தால் வாசனை மெத்தையில் ஏறி ஒரு வாரம் போகாது. இட்லி ஆவி சுவரில் தண்ணீராக வழிகிறது. தாளிப்பையும் ஆவி வேலையையும் வெளியே ஒற்றை அடுப்பில் வைத்துக்கொண்டோம். காஸிலும் மின்சாரத்திலும் ஓடும் அந்தக் குளிர்பெட்டி வண்டி சமமாக நின்றால்தான் சரியாகக் குளிரும். முதல் நாள் சரிவில் நிறுத்திப் பால் கெட்டுப்போனது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. வெளியே கரி அடுப்பு மூட்டியிருந்தால், அணைந்துவிட்டதே என்று உள்ளேயோ, வண்டியோடு சேர்ந்த கூடாரத்துக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதைக் கண்டு கத்தும் கருவி ஒன்று உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைக்காதீர்கள்.

ஏழு கிலோ மிச்சம்

கடைசியில் கிடைத்தது 2005ம் வருஷத்து வண்டி. ஆறு பெல்ட், ஆறு படுக்கை. பின்னால் கீழும் மேலுமாக நிரந்தரப் படுக்கை இரண்டு, கக்கூஸ் ஒட்டினாற்போல். பதிவுப் புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கே போய்ப் பார்த்தோம். பாக்கிக் கடன் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். விலை 17,200 பவுண்டு. மீதி 2,800ஐ அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! டயரில் பூ நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்தில் பொறித்த நாலு இலக்கத்தைப் பார்த்தால் 2314. அதாவது 2014ம் வருஷம் 23வது வாரம் செய்தது. பத்து வருஷத்து ரப்பர்! எல்லாவற்றையும் மாற்றினோம். எஞ்சின் டைமிங் பெல்ட்டையும் வீட்டு பாட்டரியையும் மாற்றினோம்.

அடுத்து எடைக் கணக்கு. இதில்தான் பெரிய குடும்பங்கள் ஏமாறுகின்றன. தங்கையும் நானும் மளிகைச் சிட்டை மாதிரி உட்கார்ந்து போட்டோம்.

வண்டி தாங்கும் மொத்த எடை 3500 கிலோ. ஓட்டத் தயாரான நிலையில் வண்டி 2980. மிச்சம் 520. இதில் ஓட்டுபவருக்கு 75 கிலோ முன்பே சேர்ந்திருக்கிறது. மற்ற ஐந்து பேர்: தங்கை 62, அத்தை 58, பிள்ளைகள் 52, 36, 20. மொத்தம் 228. மிச்சம் 292. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அது 100 கிலோ. மிச்சம் 192. படுக்கை விரிப்பு 30, கூடாரம் 25, சாமான் பாத்திரம் 40, துணிமணி 40, சைக்கிள்கள் 30, மடக்கு நாற்காலி 20. ஆக 185. மிச்சம் ஏழே கிலோ!

"ஏழு கிலோவுக்கு அரிசி ஏத்திக்கலாம்" என்றேன். தங்கை சிரித்துக்கொண்டே, "அக்கா, அவர் எழுபத்தஞ்சு இல்லை, எம்பத்திரண்டு" என்றாள். அரிசியும் போச்சு!

சைக்கிளை இறக்கினோம். போகும் வழிக்குக் கால் தொட்டித் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை முகாமில் பிடிப்பது என்று வைத்தோம். இரண்டும் சேர்ந்து 105 கிலோ குறைந்தது. எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது. எடை மிஞ்சினால் அபராதம் ஒரு பக்கம். பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும் என்பதுதான் பெரிய பயம்.

அத்தை கேட்ட சொம்பு

முதல் பிரயாணம் வேல்ஸ் நாட்டில் கார்மார்தன்ஷயர் பக்கம். அங்கே ஸ்கந்தவேல் என்று 1973ல் தொடங்கிய ஓர் ஆசிரமம், முருகன் கோயிலோடு இருக்கிறது. வழி நாலு மணி நேரத்துக்கு மேல். ஏழாவது ஆளாக நான் வந்துவிட்டதால் தங்கையும் நானும் காரில் பின்னால் போனோம். அதுவும் நல்லதாயிற்று. அந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகள் குறுகல். வண்டியை முகாமிலேயே நிறுத்திவிட்டுக் காரில் இரண்டு நடையாகக் கோயிலுக்குப் போனோம். ராத்திரி மாப்பிள்ளையும் பெரியவனும் கூடாரத்தில். ஏணிப் படுக்கையில் தங்கையும் நானும். நான் ஏறியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லோருக்கும் புளியோதரை கொடுத்தோம். வழக்கம்போல அத்தைக்கு அரை டம்ளர் தண்ணீரை நீட்டினாள் தங்கை. அத்தை ஒரு தடவை பின்பக்கம் அந்தச் சின்னக் கதவைப் பார்த்தார். "இதென்னடி அரை டம்ளர்? அந்தச் சொம்பைக் கொண்டா" என்றார். வாங்கி முழுச் சொம்பும் குடித்தார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

நம் ஊரில் மோட்டார்ஹோம் வாங்குபவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வேன் பிடிக்காத குடும்பம் உண்டா? அதற்கும் இந்தக் கணக்குதான்.

கைக்குறிப்பு

• வீட்டில் யாருக்குப் பிரயாணம் கஷ்டமோ, அவரை முதலில் உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்குச் சரி என்றால் மற்றவர்களுக்கும் சரி.

• தலைகளை எண்ணுங்கள், பெல்ட்டுகளை எண்ணுங்கள். மடியில் குழந்தை என்று கணக்குப் போடாதீர்கள்.

• மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் மூலைகளைத் தொட்டுப் பாருங்கள்.

• லைசென்ஸ் எந்த எடை வரை, எத்தனை இருக்கை வரை என்று முதலிலேயே கேளுங்கள்.

• கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போடாதீர்கள். ஏழில் ஒரு பங்காவது பழுதுக்கு இருக்கட்டும். இன்ஷூரன்ஸ், வரி, நிறுத்தும் இடத்துக்கு வாடகை என்று வருஷச் செலவும் உண்டு.

• வண்டியின் உயரத்தை எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். பாலமும் கார் நிறுத்துமிடத்துக் கம்பியும் நமக்காக உயராது.

• பிரயாணத்துக்காகத் தண்ணீரை அடக்காதீர்கள். பெரியவர்களையும் அடக்க விடாதீர்கள். வழியில் எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து வைப்பது நம் பொறுப்பு.

உங்கள் வீட்டுப் பிரயாண அனுபவங்களையும் எழுதுங்கள். அடுத்த இதழில், கெட்டுப்போகாத கட்டுச்சாதங்கள் பற்றிப் பேசுவோம். புளியோதரை உண்டு, கவலைப்படாதீர்கள்!